பொட்டு வைத்த கல்

என் அண்ணன் அருண்பாண்டிக்குக் கறை என்றால் ஆகாது. பனியன் கம்பெனியில் அவனுக்குச் செக்கிங் வேலை. துணியில் கடுகளவு கறை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவான். அந்தக் கண்ணோடுதான் 2006 ஆயுத பூஜையன்று எங்கள் லைன் வீட்டைச் சுத்தம் செய்ய இறங்கியிருக்கிறான்.

நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது வீடு பளபளத்தது. சாமி படத்துக்கு முன்னால் அவனுடைய கத்தரிக்கோல், என் விலங்கியல் புத்தகங்கள், நடுவில் ஒரு வெள்ளைக் கல். கல்லுக்குச் சந்தனம், குங்குமம் வேறு.

அது என் கல். அமராவதி அணையில் இடுப்பளவு நனைந்து தேடி எடுத்தது. அதன்மேல் பச்சையாக ஒரு பஞ்சுயிரி படர்ந்திருந்தது. கடற்பஞ்சின் இனம்தான், நல்ல தண்ணீரில் வாழ்வது. எங்கள் பக்கத்துச் சாயப்பட்டறைக் கழிவு கலந்த தண்ணீரில் அது ஒரு நாள் தாங்காது என்று கேனில் அணைத் தண்ணீரும் சுமந்து வந்திருந்தேன். அடுத்த வாரம் புராஜெக்ட் தேர்வு. உயிரோடு காட்டாவிட்டால் மதிப்பெண் கிடையாது என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

"பாசி புடிச்சுக் கெடந்துச்சு தாயி. பனியன் வேஸ்ட் துணிய வச்சு அழுத்தித் தொடச்சுட்டேன். நீ படிக்கிற கல்லாச்சே, அதான் பொட்டும் வச்சேன்" என்றான் பெருமையாக.

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

"அது பாசியில்ல, பிராணி! உசுரு!"

"உசுரா? கண்ணு, வாயி ஒண்ணையும் காணோமே."

"வாய் கெடையாது, வயிறு கெடையாது, மூளையும் கெடையாது, ஒன்னைய மாதிரி! மேலெல்லாம் ஓட்டை. அது வழியாத் தண்ணிய இழுத்து, இரையச் சலிச்சுத் தின்னுட்டு, மிச்சத்த உச்சியில இருக்கிற பெரிய ஓட்டை வழியா விடும். அதப் போயி கொன்னுட்டியே! இனிமே என் சாமானத் தொட்டா, கைய ஒடிச்சுப்புடுவேன்!"

அவன் கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டான். துடைத்த வேஸ்ட் மூலையில் ஈரமாகக் கிடந்தது.

அதைப் பார்த்ததும் பாடம் நினைவுக்கு வந்தது. பஞ்சுயிரியைத் துணியில் தேய்த்து வடித்தாலும் அதன் செல்கள் எல்லாம் செத்துவிடுவதில்லை. ஊர்ந்து போய், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, மறுபடியும் உடம்பாகும். கேனில் மிச்சமிருந்த தண்ணீரில் வேஸ்ட்டைப் பிழிந்து, மெல்லிய துணியில் வடிகட்டிக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்தேன். பூஜைப் பொரியை நான் தொடவில்லை. அவனோடு பேசவும் இல்லை.

மறுநாள் கிண்ணத்தின் அடியில் பச்சைத் துகள்கள் கூடியிருந்தன. தேர்வு நெருங்கியபோது அவை கடுகளவு உருண்டைகளாகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன. ஓர் உருண்டைக்கு அருகில் நீர்த்த பால் ஒரு சொட்டு விட்டேன். சற்றுப் பொறுத்து அதன் உச்சியிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் வெளியே வந்தது.

"பாத்துத் தொலை" என்று லென்ஸை நீட்டினேன்.

அவன் லென்ஸை வாங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் பிடித்த லென்ஸில் குனிந்து பார்த்தான். "மூச்சு விடுது தாயி" என்றான்.

தேர்வில் தேறினேன்.

அடுத்த ஆயுத பூஜைக்குக் கதவு, மிக்ஸி, பக்கத்து வீட்டு சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தான். என் புத்தகங்கள் மட்டும் வெறுமனே இருந்தன. சந்தனக் கிண்ணத்தோடு எட்ட நின்று கேட்டான்.

"தொடலாமா தாயி?"

யாரோ வேற்றாளிடம் கேட்பதுபோல் கேட்டான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்கிட்ட எதுக்குண்ணே கேக்குற? வச்சுத் தொலை!"

அப்போதும் அவன் அசையவில்லை. அவன் கையைப் பிடித்து இழுத்துச் சந்தனத்தில் தோய்த்து, என் புத்தகத்தின்மேல் அழுத்தினேன்.