கதவில் ஒட்டிய காகிதம்

எங்கள் வீட்டுக் கழிவுநீர்க் குழாயைப் பற்றி என்னைவிட யாருக்கும் தெரியாது என்று மூன்று வாரம் முன்புவரை சொல்லிக்கொண்டு திரிந்தேன். வீடு கட்டும்போது கொத்தனார் பக்கத்திலேயே நின்று, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று ஒரு நோட்டில் வரைந்து வைத்தவன் நான். அந்த நோட்டை வீட்டுக்கு வந்த விருந்தாளிகளிடம்கூடக் காட்டியிருக்கிறேன். பாவம், அவர்களும் பொறுமையாகப் பார்த்தார்கள்.

மாடியில் நானும் மனைவியும். கீழே ஓர் அறை, ஒரு குளியலறையோடு அக்கா. மாமா இறந்த பிறகு நான்தான் வற்புறுத்தி அழைத்து வந்தேன். இரண்டு தெரு தள்ளி ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறாள்.

ஒருநாள் காலை அவள் குளியலறையில் சாக்கடை எழும்பி, வாசற்படிவரை வந்துவிட்டது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு படியில் நின்றேன்.

"என்னத்தக்கா உள்ள போட்ட?"

"ஒண்ணும் போடலடா."

"போடாம தானா வருமா?"

அன்று மாலையே ஒரு காகிதத்தில் எழுதினேன். முடி, நூல், துணித்துண்டு, எண்ணெய், சோற்றுப் பருக்கை எதையும் உள்ளே போடக் கூடாது. 'கூடாது' என்பதற்குச் சிவப்பு மையில் அடிக்கோடு வேறு. அதை அவள் குளியலறைக் கதவில் ஒட்டினேன். என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவளுக்கு, அவளுடைய ஐம்பத்தெட்டு வயதில் நான் எழுதிக் கொடுத்த சட்டம் அது.

அதற்குப் பிறகும் நான்கு முறை எழும்பியது. ஒவ்வொரு முறையும் அவளே பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினாள். நான் படியில் நின்றபடி, "அந்த மூலையில இன்னும் இருக்கு பாரு" என்று யோசனை சொன்னேன்.

மனைவிதான் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னாள். "அண்ணி ரெண்டு வாரமா அந்த பாத்ரூம் பக்கமே போறதில்லைங்க. கடையிலதான் போறாங்க. லீவு நாள்ல அரை டம்ளர் தண்ணியோட பொழுத ஓட்டுறாங்க."

"அப்ப அடைப்பு எப்படி வருது?" என்று கேட்டேன். கேட்டேனே தவிர யோசிக்கவில்லை.

புதன்கிழமை அக்கா மாடிக்கு வந்தாள். கடைக்குப் பின்னால் ஒரு ரூம் இருக்கிறதாம், முதலாளியம்மா தருகிறேன் என்றாளாம். "ஞாயித்துக்கிழமை போயிடறேன்டா."

"உன் இஷ்டம்" என்றேன். உள்ளுக்குள், விட்டது சனி என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அதை இன்றுவரை மனைவியிடம் சொல்லவில்லை.

என்னைக் கேட்காமலே மனைவி பிளம்பரை வரவழைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை, அக்காவுக்குக் கடை விடுமுறை. பிளம்பர் கதவில் இருந்ததை முழுவதும் படித்தார்.

"யார் சார் எழுதினது? கையெழுத்து நல்லா இருக்கு." பிறகு, "மாடியில சமீபத்துல வேலை ஏதாவது நடந்துச்சா?" என்றார்.

"பாத்ரூம் டைல்ஸ் மாத்தினோம். அதெல்லாம் நாலு மாசத்துக்கு முந்தி. பிரச்சினை இங்க கீழதான்."

அவர் மாடியில் இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றச் சொன்னார். மனைவி ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் அக்காவின் குளியலறை ஓட்டையில் குமிழி விட்டது. பின்னாலேயே சாக்கடை வந்தது.

"பாத்தீங்களா சார். மாடிக் குழாயும் இதுல வந்து சேர்ந்துதான் வெளிய போவுது. சேர்ற இடத்துக்கு அந்தப் பக்கம் அடைச்சிருக்கு. மேல ஊத்துறதுக்குப் போக வழி இல்ல. தாழ்வா இருக்கிற ஓட்டையில எழும்புது."

இரண்டு குழாயும் சேரும் இடம் என் நோட்டிலேயே இருக்கிறது. என் கையால் வரைந்தது. மூன்று வாரமாக அக்கா கழுவியதெல்லாம் எங்களுடையது.

பிளம்பர் பக்கத்துச் சந்தில் இருந்த கழிவுநீர்ச் சேம்பர் மூடியைத் திறந்து, நீளமான கம்பியை உள்ளே விட்டுக் குடைந்தார். அரை மணி நேரம் கழித்து, சிமெண்ட் பிடித்து விறைத்த ஒரு துணி வந்தது. ஹோஸால் அடித்துக் கழுவினார். நீலக் கோடு தெரிந்தது. பிறகு பாக்கெட் தெரிந்தது, பேனாவுக்கென்று தனியாகத் தைத்த பட்டையோடு.

அப்படித் தைத்துத் தரச்சொல்லி அக்காவை நச்சரித்தவன் நான்தான். டைல்ஸ் வேலையின்போது சிமெண்ட் விழாமல் இருக்க அந்தப் பழைய சட்டையைக் குழாய் வாயில் திணித்தவனும் நான்தான். சாயந்திரம் கொத்தனார், "துணியை எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். "எனக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தேன். எடுக்கவில்லை. அது நழுவிக் கீழே இறங்கி, நாலு மாதமாக அழுக்கைச் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக வழியை அடைத்திருக்கிறது.

"இது யார் துணி?" என்றார் பிளம்பர்.

"என்னோடதுதாங்க," என்றாள் அக்கா. "தரை துடைக்க வச்சிருந்தேன். தவறி உள்ள போயிருக்கும்."

குழாயில் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று பிளம்பர் அவளுக்கு ஐந்து நிமிடம் வகுப்பு எடுத்தார். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். நான் சேம்பர் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் கேட் பக்கம் கை கழுவப் போனதும் பின்னாலேயே போனேன். "அந்தச் சட்டை என்னுது" என்றேன், யாருக்கும் கேட்காத குரலில்.

"தெரியும் சார். அந்தம்மா உடம்புக்கு அதுல ரெண்டு பேர் நுழையலாம். துடைக்கிற துணி சிமெண்ட்ல எப்படி ஊறும்?" சோப்பைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "இதை எங்கிட்ட வந்து சொல்றீங்களே சார்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளே போனேன். அக்கா துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். முதலில் கதவில் இருந்த காகிதத்தைக் கிழித்தேன்.

"நான்தான்க்கா அடைச்சது. எடுக்க மறந்துட்டேன். உன்னைத் திட்டினேன். நீ பழியை வாங்கிக்கிட்டப்பகூட நான் வாயைத் திறக்கல."

"பாக்கெட்டப் பாத்ததுமே தெரிஞ்சுது. அந்த ஆள் முன்னாடி நீ தலைகுனிய வேணாம்னு பாத்தேன்."

"போகாதக்கா. அதான் சரியாயிடுச்சே."

அவள் சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்து, நிறுத்தாமல் குடித்தாள். இன்னொரு சொம்பும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். குரலில் கோபமே இல்லை.

"உம்மேல வருத்தம் இல்லடா. ஞாயித்துக்கிழமை பையை மட்டும் கொண்டாந்து விட்டுடு. அந்த ரூம் சின்னதுதான். ஆனா கதவுல யாரும் எதுவும் எழுதி ஒட்ட மாட்டாங்க."