செவ்வாயும் வெள்ளியும் நிற்கிற வண்டி

ஒத்தக்கடையில் இரு சக்கர வண்டிகளுக்கு ஒயரிங் வேலை மட்டும் பார்க்கிறவர் இம்மானுவேல். தன் கை பட்ட வண்டி குறையோடு திரும்பி வந்தால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. அருள்பாண்டியின் வண்டி அந்த வெள்ளிக்கிழமை ஐந்தாவது முறையாகத் திரும்பி வந்தது.

பழைய நூறு சிசி வண்டி அது. திருவாதவூர்க்காரனான அருள்பாண்டி அதைத் துருப்பிடித்த வெறும் சட்டமாக வாங்கியிருந்தான். இன்ஜின் வேலையைப் பட்டறைக்காரர் காளை முடித்துக் கொடுத்தார். ஹெட்லைட்டிலிருந்து டெயில் லைட் வரைக்கும் புது ஒயர் இழுத்துக் கட்டியது இம்மானுவேல். ஓர் இணைப்பைக்கூட வெறுமனே முறுக்கி விட்டுவிடாமல் எல்லாவற்றையும் ஈயம் வைத்துப் பற்றவைத்து மேலே பிளாஸ்டிக் ஸ்லீவ் மாட்டியிருந்தார்.

ஒரு மாதம் நன்றாக ஓடிய வண்டி அதற்குப் பிறகு நடுரோட்டில் நிற்கத் தொடங்கியது. பத்து நிமிடம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். ஒரேயடியாகச் செத்துப்போன வண்டியை எழுப்புவது சுலபம். இப்படி வந்து வந்து போகிற கோளாறு மெக்கானிக் முன்னால் மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்.

முதல் தடவை காரணம் அகப்பட்டது. இன்ஜினை அணைக்கிற ஒயர், ஹேண்டில்பாரை இடப்பக்கம் ஒடிக்கும்போதெல்லாம் சட்டத்தில் உரசித் தோலுரிந்திருந்தது. அந்த ஒயரின் செம்பு இரும்பைத் தொட்டால் பிளக்கில் பொறி வராது, இன்ஜின் நின்றுவிடும். தன்னுடைய தவறுதான். இம்மானுவேல் வெட்கப்பட்டுக்கொண்டே மாற்றிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகும் வண்டி நின்றது. பிளக்கை மாற்றினார், காயிலை மாற்றினார், சாவி சுவிட்சையே கழற்றிப் புதிது போட்டார். நான்காவது தடவை வண்டியை ஆறு நாள் தன்னிடமே வைத்துக்கொண்டு அழகர்கோவிலுக்கு இரண்டு நடை போய் வந்தார். வேகத்தடை ஒன்றைக்கூட மெதுவாகத் தாண்டவில்லை. ஒரு வாளித் தண்ணீரை அதன் தலையில் ஊற்றியும் பார்த்தார். வண்டி நிற்கவே இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் கொடுத்தார். மறுநாள் காலையிலேயே மாட்டுத்தாவணிக்கு முன்னால் நின்றுவிட்டது என்று அருள்பாண்டி உருட்டிக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போனான்.

அந்த வண்டியே இம்மானுவேலுக்கு அருவருப்பாகிவிட்டது. அதன் பெட்ரோல் வாடை, பளபளவென்று அடித்த சிவப்புப் பெயிண்ட், எதுவும் பிடிக்கவில்லை.

மதியம் மூன்று மணிக்கு டவுன் பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கி, ரோட்டைக் கடந்து கடைக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். இடது கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அருள்பாண்டியின் தாய் செல்லத்தாய்.

"நீதானப்பா ஒயர் கட்டுன ஆளு?" என்றார்.

"ஆமாத்தா. உக்காருங்க."

"உக்கார வரல. நல்லா இருப்பியா நீ? வாரம் ரெண்டு நாளு ரத்தம் சுத்தம் பண்ணப் போறவ நானு. பாதி வழியில வண்டிய நிப்பாட்டி, என்னையப் பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டு எம்மகன் அதைத் தள்ளிக்கிட்டு அலையுறான். போன வாரம் நான் போய்ச் சேர்றதுக்குள்ள மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துட்டாக. திரும்பி வந்து மூச்சு முட்டிக் கெடந்தேன். உனக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிற வேண்டியதுதான?"

இம்மானுவேல் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஒன்று உறைத்தது.

"என்னென்ன கிழமை நிக்குதுத்தா?"

செல்லத்தாய் பையிலிருந்து ஆஸ்பத்திரி நோட்டை எடுத்துக் கொடுத்தார். சிகிச்சைக்குப் போன தேதிகள் அதில் வரிசையாக இருந்தன. தன் கடை நோட்டில் வண்டி வந்த தேதிகளோடு இம்மானுவேல் ஒப்பிட்டுப் பார்த்தார். கடைசி நான்கு தடவையும் செவ்வாய் அல்லது வெள்ளி. நான்கும் இந்த அம்மா பின்னால் உட்கார்ந்திருந்த நாட்கள்.

காரணம் பிடிபட்டுவிட்டது என்று அவருக்குச் சந்தோஷம்கூட வந்தது. தனியாக ஓட்டினால் நிற்பதில்லை. பின்னால் ஆள் உட்கார்ந்தால்தான் நிற்கிறது. அப்படியானால் பாரத்தில் சீட் அமுங்கி, அடியில் ஒயரை நசுக்குகிறது. இத்தனை நாள் தனியாகவே ஓட்டிப் பார்த்த தன் புத்தியைத் திட்டிக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமைக்குள்ள சரியாயிரும்த்தா. நான் பொறுப்பு," என்று அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து சீட்டைக் கழற்றினார்.

அடியில் எதுவும் நசுங்கவில்லை. ஆனால் அவர் இழுக்காத ஒரு கறுப்பு ஒயர் அங்கே ஓடியது. இன்ஜினை அணைக்கிற ஒயரைப் பிளேடால் சீவி, இதை அதில் முறுக்கி, மேலே சோறு ஒட்டியதுபோல செல்லோ டேப்பைச் சுற்றியிருந்தது. தூசியும் மயிரும் அதில் அப்பியிருந்தன. பிடித்துக்கொண்டே போனார். அது இடது பக்க மூடிக்குப் பின்னால் டேபிள் லேம்ப்புக்குப் போடுகிற ஒரு சின்ன சுவிட்சில் போய் முடிந்தது. சுவிட்சின் மறு முனையை வண்டிச் சட்டத்தோடு இணைத்திருந்தது. ஓட்டுகிறவன் இடது கையைத் தொடையோரமாக இறக்கினால் எட்டும். சாவியைப் போட்டு, வண்டியை உதைத்து, சுவிட்சைத் தட்டினார். இன்ஜின் சொல்லி வைத்ததுபோல நின்றது.

திருட்டுப் பயத்துக்குப் போட்டதாக இருக்கட்டும் என்றுதான் அவர் மனது முதலில் வேண்டிக்கொண்டது.

மறுநாள் காலை அருள்பாண்டி வந்தான். கழற்றிய சுவிட்சை இம்மானுவேல் உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"மாப்ள, இது என்ன?"

அவன் அதைப் பார்த்தான். ரோட்டைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக. நாலு மணி நேரம்ணே அங்க. அந்த வாடை, சுத்திலும் குழாயில ரத்தம் ஓடுறது... வெளியில வந்தா சாப்பாடு உள்ள போகாது. வரலைன்னு சொன்னா ஊரு என்ன சொல்லும்?"

"அதுக்கு?"

"மொத தடவை நெசமாவே நின்னுச்சுல்ல. அப்ப ஒரு நாளு ஆத்தாவைப் பஸ்ஸுல ஏத்தி விட்டேன், அதுவா போய்ட்டு வந்துருச்சு. ஒரு கொறையும் சொல்லல."

"போன வாரம் மூச்சு முட்டிக் கெடந்துச்சாமே?"

"ஒயர்ல லூசுன்னு சொல்லிருங்கண்ணே. உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றான்.

கறுப்பு ஒயரை இம்மானுவேல் ஒரே இழுப்பில் பிடுங்கினார். "ஆத்தாவைக் கூட்டிக்கிட்டு வா. ஏன் நின்னுச்சுன்னு நீயே அதுகிட்டச் சொல்லு. அப்பத்தான் வண்டி தருவேன். இப்ப கடைய விட்டு எறங்கு."

செவ்வாய்க்கிழமை காலை தாயும் மகனும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கடை வாசலுக்கு வந்ததுமே அருள்பாண்டி முந்திக்கொண்டான்.

"ஆத்தா, ஒயர்ல லூசு கனெக்சனாம். அண்ணே தேடிப் பிடிச்சுட்டாரு."

செல்லத்தாய் இம்மானுவேலைப் பார்த்து, "இதை அப்பவே பாத்திருக்கக் கூடாதா தம்பி?" என்றார்.

அந்தப் பழியை வாங்கிக்கொண்டால் காரியம் முடிந்தது. அவரால் முடியவில்லை.

"ஒயர்ல ஒண்ணுமில்லத்தா. வண்டி தானா நிக்கல. இதைத் தட்டி நிப்பாட்டியிருக்கான்." கழற்றிய சுவிட்சை அந்த அம்மா முன்னால் நீட்டினார்.

செல்லத்தாய் சுவிட்சைத் தொடவில்லை. அதை ஒரு தரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுளித்தார். அந்தச் சுளிப்பு மகனுக்கானது என்றுதான் இம்மானுவேல் நினைத்தார். ஆனால் அந்த அம்மா பார்த்தது அவரை.

"கண்ட அசிங்கத்தையும் கையில எடுத்துக் காட்டாத தம்பி," என்றார். "டேய், வண்டிய எடு. நேரமாச்சு. மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துருவாக."

அருள்பாண்டி வண்டியை உதைத்தான். செல்லத்தாய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். வண்டி மாட்டுத்தாவணிப் பக்கம் கொஞ்சமும் திக்காமல் போனது.

இம்மானுவேல் சோப்புப் பொடியைக் கொட்டி முழங்கை வரைக்கும் கழுவினார். யார்மேல் இத்தனை அருவருப்பு என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அன்று மத்தியானச் சாப்பாட்டைப் பிரிக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனார்.

அருள்பாண்டி அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு வரவில்லை. இம்மானுவேலுக்கு ஒயரிங் தெரியாது என்று திருவாதவூரில் சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்வி. மாதம் திரும்புவதற்குள் வண்டியையும் விற்றுவிட்டான். செல்லத்தாய் இப்போது தனியாகத்தான் போய் வருகிறார். வாரம் இரண்டு நாள் காலை பஸ் ஒத்தக்கடையில் நிற்கும்போது, ஜன்னலோரத்தில் இருந்தால் கடையைப் பார்க்காமல் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்கிறார்.