நாற்பத்தாறுக்கு அடுத்த பெயர்

தோட்டத்துக் கணக்கு எழுதும் ஜெயபாலன் கிராணிக்குத் தம் குரல்மேல் ஒரு பெருமை உண்டு. பெரட்டுக் களத்தின் ஒரு கோடியில் நின்று அவர் பெயர் கூப்பிட்டால், மறுகோடியில் ஆயாக்கொட்டகையில் தூங்கும் பிள்ளை எழுந்து உட்காரும் என்று அவரே சொல்லிக்கொள்வார். பிள்ளை எழுந்தது அவர் குரலுக்கா, பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்த லோரிக்கா என்று யாரும் போய் விசாரித்ததில்லை.

விடியுமுன் ரப்பர் மரங்களில் பால்வெட்டுக்குப் போகிற ஆள்கள் எல்லாரும் களத்தில் கூடுவதற்குத்தான் பெரட்டு என்று பெயர். மலேசியாவில், ஈப்போவிலிருந்து பத்து மைல் தள்ளியிருந்த மேட்டுத் தோட்டத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழில், நூற்றிருபது பேர் கூடினார்கள். ஆளுக்கு இரண்டு தகர வாளி, அவற்றைத் தோளில் மாட்டிச் சுமக்க ஒரு காண்டாக் கம்பு. வாளியோடு வாளி இடிக்கும், பிள்ளைகள் அழும், லோரி உறுமும், நாய்கள் சண்டை போடும், ஊர்க்கதை முழுக்க அங்கேதான் நடக்கும். களத்தின் ஒரு கோடியில் ஒரு மேசை, மேசைமேல் கேஸ் விளக்கு, விளக்கடியில் கிராணியின் புத்தகம். அவர் ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை கூப்பிடுவார். அதற்குள் ஆள் தன் வாயாலேயே ‘வந்தேன்’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அன்றைக்கு அந்த ஆள் வரவில்லை. எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாலும் வரவில்லைதான். முன்பு ஆளுக்கு ஆள் மாற்றிப் பதில் சொல்லி ஏமாற்றியதால் துரை போட்ட சட்டம் அது. மாதத்தில் மூன்று முறை அப்படி ஆனால், அந்த ஆள் வெட்டிவந்த மர நிரையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு அவரைக் கூலி குறைந்த புல்லுவெட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஜெயபாலன் அந்த வருஷம் ஜனவரியில்தான் தோட்டத்துக்கு வந்திருந்தார். வயது இருபத்தெட்டு. பழைய கிராணி இராமசாமி விட்டுப்போன பெயர்ப் புத்தகத்தைப் பார்த்ததும் அவர் மூக்கைச் சுளித்தார். எண்ணெய்ப் பிசுக்கு, பூச்சி அரிப்பு, நிரை எண் வரிசையில் கோணல்மாணலாகப் பெயர்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை விடாமல் உட்கார்ந்து எல்லாப் பெயரையும் ஆங்கில எழுத்து வரிசையில் புதிதாக எழுதினார். சிவப்பு மையில் கோடு போட்டார். எப்போதும் ஒருவனே கடைசியில் காத்து நிற்கக் கூடாது என்று ஒரு நாள் மேலிருந்தும் மறுநாள் கீழிருந்தும் கூப்பிடும் முறையையும் கொண்டுவந்தார். துரை புரட்டிப் பார்த்து ‘குட்’ என்றார். அந்த ஒரு சொல்லை ஜெயபாலன் ஒரு வாரம் மென்றார். பழைய புத்தகத்தை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

கருப்பம்மாள் விவகாரம் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

கருப்பம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். நாற்பத்தேழாம் நிரையைப் பன்னிரண்டு வருஷமாக வெட்டுகிறவள். அவள் கத்தி பட்ட பட்டையில் ஒரு காயம் பார்க்க முடியாது என்று மற்ற நிரைக்காரர்களே சொல்வார்கள். அப்படிப்பட்டவள் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் மரம்போல நின்றாள். ஒரு நாள் முதல் கூப்பாட்டுக்கே பதில் சொல்வாள். இன்னொரு நாள் அவருக்கு நேர் எதிரில் நின்றுகொண்டு, மூன்று முறை கூப்பிட்டும் வாயைத் திறக்க மாட்டாள். பக்கத்தில் நிற்பவர்கள் அவளை இடித்துச் சொல்வதற்குள் ஜெயபாலனின் பேனா விழுந்திருக்கும். புதுக் கிராணியை மதிக்காத திமிர் என்று அவர் முடிவு கட்டினார்.

ஏப்ரல் முதல் வாரத்திலேயே இரண்டு முறை ‘வரவில்லை’ விழுந்தது. காதில் கோளாறாக இருக்கலாம் என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸர் அவளை ஈப்போவில் ஒரு காது டாக்டரிடம் அனுப்பிவைத்தார். அவர் அவளைக் கதவடைத்த சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஒரு கருவியை மாட்டிவிட்டு, மெல்லிய ஓசைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் கை தூக்கினாள். இரண்டு காதும் நல்லபடியாக இருப்பதாகக் காகிதம் வந்தது.

அந்தக் காகிதத்தை ஜெயபாலன் தம்மோடு வைத்துக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. பெரட்டில் எல்லார் முன்னாலும் உரக்கப் படித்து, தமிழிலும் சொல்லி, ‘இனிமேல் யாரும் காதைச் சாக்குச் சொல்ல வேண்டாம்’ என்று முடித்தார். சிலர் சிரித்தார்கள். கருப்பம்மாள் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தாள். சிரிக்கிறார்கள் என்று கண்டு தானும் கொஞ்சம் சிரித்துவைத்தாள். அந்தச் சிரிப்பு ஜெயபாலனைப் பிற்காலத்தில் பல நாள் சாப்பிட விடாமல் செய்தது.

மூன்றாவது ‘வரவில்லை’ அடுத்த புதன்கிழமையே விழுந்தது. ஜெயபாலன் துரையிடம் போனார். நீயே பார்த்து முடிவு செய், சனிக்கிழமை பெரட்டில் சொல்லிவிடு என்றார் துரை. எதற்கும் ஒருமுறை அவள் வேலையைப் பார்த்துவிடலாம் என்று வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஜெயபாலன் சைக்கிளை எடுத்துக்கொண்டு நாற்பத்தேழுக்குப் போனார்.

அவள் முதுகைக் காட்டிக் குனிந்து ஒரு மரத்தில் கத்தி இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் இன்னும் இரண்டு நிரை தள்ளி வந்துகொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னாள்.

“ஐயா, சைக்கிள் செயின் மட்காட்ல ஒரசுது. ஏறி மிதிச்சா அவுந்துரும்.”

இறங்கிப் பார்த்தார். உரசிக்கொண்டுதான் இருந்தது. அவர் காதுக்கு அதுவரை அது எட்டவே இல்லை. கள்ளி, கையும் களவுமாக அகப்பட்டாய் என்று அவர் மனம் துள்ளியது. அங்கேயே நின்றபடி, வேண்டுமென்றே மெல்லிய குரலில், உன் மகளை எங்கே கட்டிக்கொடுத்திருக்கிறாய் என்று கேட்டார். கமுந்திங்கில் என்று உடனே பதில் வந்தது.

“இம்புட்டு நல்லாக் கேக்குற காது, பெரட்டுல மட்டும் எப்படிக் கேக்காமப் போவுது?” என்றார் ஜெயபாலன்.

கருப்பம்மாள் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் முகத்தில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

“அதத்தான் நானும் என்னையே கேக்குறேன்யா. டாக்டர் ரூம்ல எறும்பு நடந்தாக்கூட எனக்குக் கேட்டிருக்கும். பெரட்டுலயும் கேக்குது. எல்லாமே கேக்குது. லோரி, வாளி, பிள்ளைங்க, நீங்க, எல்லாம் ஒண்ணா வந்து உளுவுது. அதுல உங்க கொரல மட்டும் எனக்குப் பிரிச்செடுக்கத் தெரியல. ஒரு வேள புத்திதான் கெட்டுப்போச்சோன்னு பயமா இருக்கு.”

அப்படியானால் இராமசாமி கிராணி காலத்தில் பன்னிரண்டு வருஷம் ஒரு நாள்கூடத் தவறாமல் எப்படிப் பதில் சொன்னாய் என்று மடக்கினார். அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னாள்.

பழைய புத்தகம் நிரை வரிசை. நாற்பத்தாறு நல்லம்மாள், நாற்பத்தேழு இவள். நல்லம்மாளுக்கு ஒரு பழக்கம். ‘வந்தேன்’ என்றதும் காண்டாக் கம்பைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வாள். கருப்பம்மாள் எங்கே நின்றாலும் கண் அந்தக் கம்பின்மேல்தான் இருக்கும். கம்பு ஏறியதும் மனசுக்குள் ஒன்று எண்ணிவிட்டு ‘வந்தேன்’ என்பாள். நல்லம்மாள் காய்ச்சலில் படுத்த நாள்களில் நாற்பத்தைந்தாம் நிரைக்காரனின் தலைப்பாகையைப் பார்த்துக்கொள்வாள். இது நல்லம்மாளுக்கே தெரியாது. கோயில் திருவிழாவில் யார் பேசினாலும் வாயைப் பார்ப்பாள். இருட்டாக இருந்தால் எல்லாரும் சிரிக்கும்போது சிரிப்பாள். கல்யாண வீட்டில் சுவரை ஒட்டி ஓரத்தில் உட்காருவாள், ஒரு பக்கத்துச் சத்தமாவது குறையுமே என்று.

“இப்ப ஒரு நா மேலேருந்து கூப்புடுறீங்க, ஒரு நா கீழேருந்து. எனக்கு முன்னால யாருன்னே தெரியல. மூஞ்சிங்களப் பாத்துத்தான் குத்துமதிப்பா சொல்லிக்கிட்டு வாரேன்” என்றாள்.

ஜெயபாலன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பினார், ஏறவில்லை. அவர் சிவப்பு மையில் கோடு போட்டுக் கட்டிய அழகான ஒழுங்குதான் அவளைக் கவிழ்த்திருக்கிறது என்றால், பன்னிரண்டு வருஷம் நூற்றிருபது பேருக்கு நடுவில், ஒருவருக்கும் தெரியாமல், கண்ணாலேயே பெரட்டு நடத்திய இந்தப் பொம்பளையை என்னவென்று சொல்வது? அவருக்கு மலைப்பாக இருந்தது. அடுத்த நிமிஷமே கிராணிப் புத்தி விழித்துக்கொண்டது. கதை நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் அளவுக்கு மீறியே நன்றாக இருக்கிறது. டாக்டர் காகிதம் ஒன்று சொல்கிறது, இவள் ஒன்று சொல்கிறாள். செயின் உரசுவதைத் தன் காதாலேயே கேட்டுச் சொன்னவளை எதை வைத்து நம்புவது?

வெள்ளிக்கிழமை முழுக்க இதையே உருட்டினார். கடைசியில் ஒரு வழி தெரிந்தது. நடிப்பவளால் எதையும் கேட்காததுபோல் நிற்க முடியும். ஆனால் உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் ஒரு செய்தி காதில் விழுந்தால், எவ்வளவு பெரிய நடிப்புக்காரியின் உடம்பும் காட்டிக்கொடுத்துவிடும்.

சனிக்கிழமை பெரட்டில் வழக்கமான இரைச்சல். அன்று இரண்டு லோரிகள் வேறு. கருப்பம்மாள் பத்தடி தள்ளி, அவருக்கு முதுகைக் காட்டி, தலைத்துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஜெயபாலன் தம் பெருமைக்குரிய குரலை முழுக்கத் திறந்தார்.

“கருப்பம்மா, உன் நிரை உனக்கே. யாரும் எடுக்க மாட்டாங்க.”

நூறு தலை திரும்பியது. அவள் தலை திரும்பவில்லை. துணியின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை கூப்பிட்டார். பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள், ஆனால் லோரிகள் நிறுத்தவில்லை. மூன்றாம் முறை கூப்பிட்டபோது அவர் குரலே உடைந்தது. அந்தத் தோள்களில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. காகிதமும் உண்மை, அவளும் உண்மை என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. வெட்கம் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை இறங்கியது.

முடிச்சுப் போட்டு நிமிர்ந்த கருப்பம்மாள், எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டாள். தூரத்தில் நல்லம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவதையும் கண்டாள். நிரை கைவிட்டுப் போய்விட்டது என்று முடிவு கட்ட அவளுக்கு அது போதுமாக இருந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காண்டாவையும் வாளிகளையும் தரையில் வைத்தாள். இடுப்பிலிருந்து பால்கத்தியை எடுத்து, முந்தானையால் ஒருமுறை துடைத்து, வாளிக்குள் வைத்தாள். பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டு நேராகப் போய்ப் புல்லுவெட்டுக்காரர்களோடு நின்றுகொண்டாள்.

ஜெயபாலன் மேசையைவிட்டு வெளியே வந்தார். ஒரு கிராணி பெரட்டு நடக்கும்போது மேசையைவிட்டு நகர்ந்ததை அந்தத் தோட்டம் அதுவரை பார்த்ததில்லை. விளக்கையும் கையில் எடுத்துக்கொண்டார். அவள் எதிரில் போய் நின்று, தம் முகத்தில் வெளிச்சம் விழும்படி அதை உயர்த்திப் பிடித்தார்.

“அக்கா, உங்க நிரை உங்களுக்கே” என்றார். உரக்கச் சொல்லவில்லை.

அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எத்தன தடவ கூப்புட்டீங்க?”

“மூணு.”

“அப்ப இன்னிக்கும் நான் வரலதானே, ஐயா?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஜெயபாலனுக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பிப் போய், மேசையை ஒரு கையால் தூக்கி, காலுக்கடியில் நசுங்கிக் கிடந்த பழைய புத்தகத்தை உருவினார். மண்ணைத் தட்டினார். மேசை ஆட ஆட அதை விரித்துவைத்து, இடது கையால் விளக்கைத் தம் முகத்தருகே பிடித்துக்கொண்டு, ஒன்றாம் நிரையிலிருந்து மறுபடியும் பெரட்டைத் தொடங்கினார். அந்தப் புத்தகத்துக்குப் பிறகு தோட்டத்தில் சேர்ந்த ஆள்களின் பெயரை நினைவிலிருந்து சொன்னார். லோரிக்காரன் நேரமாகிறது என்று ஹாரன் அடித்தான். யாரும் சட்டை செய்யவில்லை.

கருப்பம்மாள் தன் வாளிகளிடம் திரும்பி வந்து, காண்டாவைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள்.

“நாப்பத்தாறு, நல்லம்மா.”

நல்லம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ‘வந்தேன்’ என்றாள். கருப்பம்மாளின் கண் தன் கம்பின்மேலேயே இருப்பதைக் கண்டு, அதை எப்போதையும்விட உயரத் தூக்கித் தோளில் போட்டாள்.

ஜெயபாலன் அடுத்த பெயருக்கு வாயைத் திறந்தார். அது வெளியே வருவதற்குள், பத்தடி தள்ளி, வாளிகளுக்குப் பக்கத்திலிருந்து கணீரென்று வந்துவிட்டது பதில்.

“வந்தேன்.”