மூன்று மில்லிமீட்டர்

மனுஷருக்கு இரண்டு உயரம் உண்டு, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ராத்திரி முழுக்கப் படுத்துக் கிடந்து எழுந்தால் கொஞ்சம் கூடுதலாக இருப்போம். நிற்க நிற்க முதுகெலும்பு அமுங்கி, பொழுது சாய்வதற்குள் ஒரு சென்டிமீட்டர்கூடக் காணாமல் போகும். போலீஸ் வேலைக்குப் போகிறவர்களைத் தவிர வேறு யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை.

அதனால்தான் உடற்தகுதித் தேர்வு நாளன்று விடிந்தும் விடியாததுமாக நம்ம ஏட்டம்மா ஒரு வேனின் பின்பக்கம் மல்லாந்து படுத்துக்கொண்டு போனாள். கட்டில், பீரோ ஏற்றி இறக்குகிற அந்த வேன் அக்கா புருஷனுடையது. வீட்டிலிருந்து வேன் வரைக்கும்கூட அவளை நடக்க விடவில்லை. அக்கா தலைமாட்டிலும் மாமா கால்மாட்டிலுமாக மெத்தையோடு தூக்கி வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் பதறிப்போய் ஓடி வந்தார்.

"ஐயோ, எப்போ ஆச்சு?"

"உசிரோடதான் இருக்கேன்ண்ணே. உயரம் பாக்கப் போறேன்" என்றது மெத்தை.

ஏட்டம்மா என்பது தெரு வைத்த பெயர். உண்மையில் அவள் ஆஸ்பத்திரி கேட்டில் செக்யூரிட்டி. நீலச் சட்டை, தொப்பி, விசில் எல்லாம் உண்டு, அதிகாரம் மட்டும் கிடையாது. எழுத்துத் தேர்வில் மூன்று தடவை தேறியிருக்கிறாள். ஓட்டத்தில் முதல் பத்துக்குள் வந்திருக்கிறாள். உயரம் நூற்றைம்பத்தொன்பது சென்டிமீட்டர் வேண்டும். போன இரண்டு வருஷமும் மூன்று மில்லிமீட்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கம்பியில் தொங்கினாள், தலைகீழாக நின்றுகூடப் பார்த்தாள். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று தெருவே சொன்னது. சொல்லட்டும், தெருவா அளக்கிறது? இந்த வருஷத்தோடு வயசு வரம்பும் முடிகிறது.

இந்த ஆசை எப்போது வந்தது என்று கேட்டால் எந்த நாள் என்றே சொல்வாள். ஒருநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குள்ளிருந்து ஒரு பெண் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தாள். பின்னாலேயே வந்த புருஷன் அவள் முடியைப் பிடித்து இழுத்தான். ஏட்டம்மா விசிலை ஊதி, "தள்ளி நில்லு" என்று கத்தினாள். "போய் கேட்டைத் தொறந்து மூடுற வேலையப் பாரு" என்றான் அவன். பத்து நிமிஷம் கழித்து ஜீப்பிலிருந்து ஒரு பெண் போலீஸ் இறங்கினாள். கத்தவில்லை. "தள்ளி நில்லு" என்றாள். அவன் தள்ளி நின்றான். அதே இரண்டு வார்த்தைதான். அன்றைக்கு நெஞ்சில் ஏறிய ஏக்கம் ஏட்டம்மாவுக்கு இன்னும் இறங்கவில்லை. தூக்கத்தில்கூட அந்த இரண்டு வார்த்தையை யாரிடமாவது மெதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பாள் என்று அக்கா சொல்லுவாள்.

போன வாரம் எழுந்த கையோடு கதவோரம் நிறுத்தி மாமா டேப் பிடித்தபோது, நூற்றைம்பத்தொன்பதுக்கு மேலே ஒரு மில்லி காட்டியது. அந்த ஒரு மில்லியை நம்பித்தான் இந்த மெத்தை ஊர்வலம்.

ஆனால் ஆறு மணிக்கு வரவேண்டிய அதிகாரி பதினொரு மணிக்கு வந்தார். அதுவரை வரிசையை விட்டு யாரும் நகரக்கூடாது. ஏட்டம்மா கொஞ்சம் படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டுப் பார்த்தாள். "இது மைதானம்மா, உங்க வீட்டுக் கட்டிலா?" என்றார் வரிசையைப் பார்த்துக்கொண்டவர். ஐந்து மணி நேரம் நின்றாள். தண்ணீரில் கிடக்கிற சோப்பு மாதிரி தான் கரைவது அவளுக்கே தெரிந்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். இவள் ஏறியதும் மில்லி, சறுக்கியதும் மில்லி, வலி மட்டும் முழம்.

உயரம் அளந்தவர் பாதி நரைத்த ஒரு பெண் காவலர். குதிகாலை ஒட்டி நிற்கச் சொல்லி, கட்டையை அவள் உச்சந்தலையில் இறக்கினார்.

"நூத்தி அம்பத்தெட்டு புள்ளி ஏழு."

"காலைல சரியா இருந்திருக்கும்மா. சத்தியமா."

"காலைல மட்டும் போலீஸா இருப்பியா?" சிரிக்காமல் கேட்டார். படிவத்தைப் புரட்டினார். "மூணாவது தடவையா?"

"ஆமாம்மா. இதான் கடைசி."

"இப்ப என்ன வேலை பாக்குற?"

"ஆஸ்பத்திரி கேட்ல செக்யூரிட்டி."

அந்த அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். "சரி, இன்னொரு தடவை நில்லு" என்று கட்டையை மறுபடி இறக்கினார். அப்போது அவர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. மேஜைக்கடியில் குனிந்து தேடினார். தேடினார், தேடிக்கொண்டே இருந்தார்.

ஏட்டம்மாவுக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் என்ன, அவளும் இதைச் செய்கிறவள்தானே. பார்வை நேரம் முடிந்த பிறகு சாப்பாட்டுத் தூக்கோடு யாராவது தாய் வந்து நின்றால், ஏட்டம்மா ஷூ லேஸைக் கட்டக் குனிவாள். லேஸ் அவிழ்ந்தே இருக்காது. நிமிரும்போது கேட்டில் யாரும் நிற்கமாட்டார்கள். அப்படி உள்ளே போன யாரையும் அவள் தப்பாக நினைத்ததில்லை.

குதிகாலை ஒரு சோற்றுப் பருக்கை அளவுக்குத் தூக்கினால் போதும். கால்விரல்கள் இறுகின. தூக்கு, தூக்கு என்று உடம்பு முழுக்கக் கெஞ்சியது. தூக்கப்போன நேரத்தில்தான் அந்த நினைப்பு வந்து தொலைத்தது. அவள் உள்ளே விட்ட தாய்மார்கள் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவார்கள். இவளோ முப்பது வருஷம் உள்ளே இருக்க வேண்டியவள். யாரைப் பார்த்துத் தள்ளி நில்லு என்று சொன்னாலும் இந்தக் குதிகால் ஞாபகம் வருமே.

அவள் தூக்கவில்லை.

அந்த அம்மா எழுந்து அளவுகோலைப் பார்த்தார். பிறகு அவள் காலைப் பார்த்தார். "ஏழு" என்று எழுதினார். எழுதி முடித்த பிறகும் படிவத்தை உடனே நகர்த்தவில்லை.

வெளியே மாமா மெத்தையைத் தட்டிப் போட்டு வைத்திருந்தார். "இனிமே எதுக்கு மாமா" என்று ஏட்டம்மா முன் சீட்டில் ஏறி அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். வேன் கிளம்பியதும் நடந்ததைச் சொன்னாள்.

அக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அடி மடச்சி. வேலையில சேர்றதுக்கு முன்னாடியே இவ்வளவு நேர்மையா?"

"நேர்மையெல்லாம் இல்லக்கா. இப்ப நிக்கச் சொன்னா தூக்கிருவேன்."

மாமா வண்டியை மெதுவாக ஓட்டினார். அக்கா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் ஏட்டம்மாவுக்கு அழுகை வந்தது.

"பேனா அவங்க ஷூ பக்கத்துலயே கெடந்துச்சுக்கா" என்றாள். "அதைப் பாத்துக்கிட்டேதான் தேடுனாங்க."