விளக்கு வைத்த பிறகு கேட்ட விதைநெல்

விளக்கு வைத்த வேளையில் அந்த வீட்டில் இருந்தவர்கள்: வேல்விழி, அவள் புருஷன் சுடலைக்கண்ணன், மாமியார் பேச்சித்தாய், நடையில் நின்ற ராஜபாண்டி. உள்ளே ஒரு மூட்டை விதைநெல். இதில் கடைசிவரை வாய் திறக்காதது நெல்லும் சுடலைக்கண்ணனும்தான்.

ராஜபாண்டி சுடலைக்கண்ணனுக்குச் சித்தப்பா மகன். பக்கத்து வயல்காரன். பகலில் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரிகளுக்குச் சீட்டுப் போடுகிற வேலை. வேலை முடிந்து பைக்கில் நேரே இங்கேதான் வந்திருந்தான். மழையைப் பற்றிப் பேசினான், ரோட்டைப் பற்றிப் பேசினான், பெரியம்மாவின் முட்டுவலியை விசாரித்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே வேல்விழி விதைக்கிற அந்தக் களர் நெல்லில் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டான்.

தாமிரபரணி கடலில் போய்ச் சேருவதற்கு முன்னால் கடைசியாக நனைக்கிற வயல்கள் இவர்களுடையவை. ஆற்றில் தண்ணீர் குறையக் குறையக் கடல் வாய்க்கால் வழியாக ஏறி வரப் பழகிவிட்டது. இந்தப் பிசானப் பருவத்துக்கு ராஜபாண்டி கடையில் வாங்கிய குட்டை நெல்லை விதைத்திருந்தான். பௌர்ணமிக்குக் கடல் ஏறியபோது மடைப்பலகை உடைந்து உப்புத்தண்ணீர் உள்ளே வந்து நின்றது. ஒரு வாரத்துக்குள் பயிர் வெளுத்துப் படுத்துவிட்டது. அதே தண்ணீர்தான் வரப்புக்கு இந்தப் பக்கமும் நின்றது. வேல்விழியின் பயிர் நுனி கருகியது; சாகவில்லை.

ராஜபாண்டி அந்த நெல்லைக் கோழித்தீவனம் என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தவன். சொன்னதில் முழுப்பொய்யும் இல்லை. ஆளுயரம் வளர்ந்து காற்றுக்குச் சாய்ந்துவிடும். போன அறுப்பில், சாய்ந்த வயலுக்குள் அறுப்பு மிஷினை இறக்க மாட்டேன் என்று டிரைவர் போய்விட்டான். அவளேதான் குனிந்து அறுத்தாள். சோறு சிவப்பாக, தடிதடியாக இருக்கும், வேக நேரமாகும். வேல்விழிக்கே அது பிடிக்காது. உப்பில் நிற்கிறது என்ற ஒரு காரணத்துக்காக வைத்திருந்தாள்.

"கோழி வாங்கிட்டியளோ தம்பி?" என்று கேட்டாள்.

"வாங்குனா ஒங்க வயல்லதான் மேய விடணும் மதினி. என் வயல்ல புல்லுகூட இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அந்த மூட்டை அவள் கைகாவல். விதைத்தது போக மிச்சம் அவ்வளவுதான். மார்கழிக்குள் கடல் இன்னொரு முறை ஏறினாலும், மேலே மழை கொட்டி ஆறு புரண்டாலும், மறுபடி விதைக்க அவளிடம் வேறு நெல் கிடையாது. கடையிலும் கிடைக்காது. இல்லை என்று சொல்ல அவளுக்கு நியாயம் இருந்தது, வாயும் திறந்தது.

ஆனால் பெருவெள்ளம் வந்த வருஷம் ஞாபகத்துக்கு வந்தது. அப்போது இருந்த விதை முழுவதையும் வீட்டுக்குள்தான் பத்திரமாக வைத்திருந்தாள். வெள்ளம் கதவைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. நெல் நாறிப்போனது. வேம்பார் பக்கம் கட்டிக்கொடுத்த அக்காவுக்கு அதற்கு முந்தின வருஷம், மனசே இல்லாமல், இரண்டு படி அளந்து விட்டிருந்தாள். அக்கா விதைத்து அறுத்ததில் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்து பெருக்கியதுதான் இந்த மூட்டை.

அவள் பேசுமுன் பேச்சித்தாய் பேசினாள்.

"விளக்கு வச்சாச்சு. இனி நெல்லு நடையத் தாண்டாது. பெத்த மகன் கேட்டாலும் விடிஞ்சுதான்."

"விடிஞ்சு ஊறப்போட்டா ஒரு நாள் பிந்திரும் பெரியம்மா. நாளைக்கழிச்சு என் முறைத்தண்ணி. அன்னைக்கு முளைவிட்ட நெல்லு கையில இருக்கணும். அத விட்டா அடுத்த முறை எப்பன்னு எவனுக்கும் தெரியாது."

விளக்கு வைத்த வீட்டிலிருந்து நெல்லும் உப்பும் மோரும் வெளியே போகாது. பேச்சித்தாய் இந்த வீட்டுக்கு வாழவந்த நாளிலிருந்து போனதில்லை. ராஜபாண்டி நாலு மணிக்கே வந்திருக்கலாமே என்றால், துறைமுகத்துக் கேட்டில் லாரி நின்றுகொண்டிருந்தது. அது இந்த வீட்டு விளக்குக்குத் தெரியாது.

வேல்விழி மாமியாரைப் பார்த்துச் சொன்னாள்: "வெளிய போகாண்டாம் அத்தை. இங்கனயே ஊறட்டும். ஊறுன நெல்ல விடிஞ்சு வந்து தூக்கிட்டுப் போவட்டும்."

பேச்சித்தாய் அதில் ஓட்டை இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் தேடினாள். கிடைக்கவில்லை. "தண்ணி?" என்றாள். வீட்டு போர்வெல்லில் வருவது உப்பு; விதை ஊற நல்ல தண்ணீர் வேண்டும். நல்ல தண்ணீர் தெருக்கோடிக் குழாயில்.

"அது தம்பி சுமப்பாரு," என்றாள் வேல்விழி.

யூனிபார்ம் பேண்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, ராஜபாண்டி இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக டீக்கடையைத் தாண்டிப் போனான், வந்தான். ஹார்பர் வேலையை விட்டுவிட்டு வீட்டுவேலைக்குச் சேர்ந்துவிட்டானா என்று கடைக்குள்ளிருந்து யாரோ கேட்டார்கள். சம்பளம் பரவாயில்லை அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு அடுத்த நடைக்குப் போனான். சுடலைக்கண்ணன் நீல டிரம்மை உருட்டி வந்து நிறுத்தினான். மூட்டையை அவிழ்த்து நெல்லைக் கொட்டி, தண்ணீரை ஊற்றி, மேலே மிதந்த பதரை வேல்விழி வழித்து எறிந்தாள். ராஜபாண்டி முழங்கை வரை கையைவிட்டுக் கிண்டினான். கறுத்த நெல் சுழன்று அடியில் போய் உட்கார்ந்தது.

"எப்பம் திருப்பித் தரணும் மதினி?"

"தரவேண்டாம். அறுத்து ஒரு மூடைய ஒங்க வீட்டுலயே வைங்க. அத விக்கவும் கூடாது, அவிக்கவும் கூடாது. என் வயலு போச்சுன்னா வந்து கேப்பேன். எந்நேரம் வந்தாலும் தரணும்."

"அதுக்கு இவன் பொண்டாட்டி முத்துச்செல்விலா சம்மதிக்கணும்," என்றாள் பேச்சித்தாய். "இவன் சொல்லு அந்த வீட்டுல எங்க ஏறுது."

ராஜபாண்டி மறுக்கவில்லை. சொல்லிப் பார்க்கிறேன் என்றான். கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினான். ஒரு காலைத் தூக்கி வெளியே வைக்கப் போனவனைப் பேச்சித்தாய் மறித்தாள்.

"நில்லுலே."

முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அவன் ஈரக்காலில் இரண்டு நெல் ஒட்டியிருந்தது. நகத்தால் நோண்டி எடுத்தாள். பேண்ட் மடிப்பை விரித்து உதறச் சொன்னாள். இன்னும் நாலைந்து விழுந்தது. மற்றக் காலையும் தூக்கச் சொன்னாள். துறைமுகத்து அடையாள அட்டை கழுத்தில் ஆட, நிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றான் அவன். பாதத்தை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்து, விரலிடுக்கில் இருந்த கடைசி நெல்லையும் எடுத்து, எல்லாவற்றையும் டிரம்முக்குள் போட்டாள்.

"இப்பம் போ."

அவன் நடையைத் தாண்டினான். பேச்சித்தாய் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, பூட்டையும் பூட்டினாள்.