விலகிய கோடு

குண்டில்லாத ரைஃபிளை ஆர்டிஸ் இடுப்புயரத்துக்குத் தூக்கி, குறிபார்க்க மேலே பொருத்திய ஸ்கோப்பின் வலப்பக்கம் தரையைப் பார்க்கும்படி சாய்த்து, கையை விட்டாள். கொல்லையில் விரித்திருந்த ரப்பர் பாயில் அது தொப்பென்று விழுந்தது. இது மூன்றாவது முறை. குனிந்தெடுக்க முதுகு மறுத்தது. மூன்று வாரமாக நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிய முதுகு.

மணல்பை மேல் ரைஃபிளை வைத்து, குண்டு போட்டு, மூச்சை விட்டுச் சுட்டாள். மூன்று குண்டு. நூறு கஜம் தள்ளி வைக்கோல் கட்டின் மேல் ஒட்டியிருந்த தாளில் பழைய ஓட்டைகளோடு ஓட்டையாகப் புதியவையும் விழுந்திருந்தன. ஒரு காசை வைத்தால் எல்லாவற்றையும் மூடிவிடலாம்.

ஸ்கோப் அசையவே இல்லை.

இந்த மாவட்டத்தில் மான் வேட்டைக்குப் போகிறவன் அவள் கணவன் வெர்லின் கீழே போட்டுச் சுட்டுப் பார்த்து எழுதிய அட்டையைப் பார்க்காமல் ஸ்கோப் வாங்கமாட்டான். 'தாங்கும்' அல்லது 'தாங்காது'. படுக்கையில் விழுவதற்கு முன் அவன் எழுதிய கடைசி அட்டை, தாங்காது. அதை நம்பி, கடைக்கார டுவேன் நாற்பது ஸ்கோப்பையும் இன்று திருப்பி அனுப்பப் போகிறான். மிசூலா நகரில் ஒரு கராஜில் அதைச் செய்கிற இளம் தம்பதிக்கு அதுதான் முதல் பெரிய ஆர்டர். பத்து மணிக்கு ரைஃபிளையும் அதிலிருக்கும் ஸ்கோப்பையும் எடுத்துப்போக டுவேன் வருகிறான்.

நேற்று அதைத் துடைக்கும்போதுதான் ஆர்டிஸ் கவனித்தாள். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையத்தின் திருகுகளை முடுக்கியதும், அவளுடைய நகச்சாயத்தால் திருகையும் வளையத்தையும் சேர்த்து ஒரு கோடு இழுப்பது வெர்லினின் வழக்கம். கோடு விலகினால் நகர்ந்தது வளையம், ஸ்கோப் இல்லை. இரண்டு திருகில் கோடு விலகியிருந்தது. அதைத்தான் அவன் முதலில் பார்ப்பான். இந்த முறை பார்க்கவில்லை. திருகுகளை அவளே இறுக முடுக்கிவிட்டுத்தான் இன்று சோதித்தாள்.

உள்ளே போனபோது ஜன்னலோரக் கட்டிலில் வெர்லினின் கண் திறந்திருந்தது.

"என்னத்தடி சுட்ட?"

"தரையணில்."

"அதெல்லாம் பனிக்கு வளைக்குள்ள போயி ஒரு மாசமாச்சு. அதுவும், கீழ போட்டுப் போட்டுதான் அணில் சுடுவியா?"

ஆர்டிஸ் தண்ணீரில் பஞ்சை நனைத்து அவன் உதட்டில் ஒற்றினாள். எதையாவது சொல்லி மழுப்பிவிடலாம். ஒன்றும் தெரியாமலே போய்ச் சேர்வான்.

"கோடு விலகியிருந்துச்சு, வெர்லின்."

"எத்தன?"

"ரெண்டு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஹீட்டர் ஓடி நின்றது.

"நான் பாக்கலியே."

"கண்ணு மங்கிப்போச்சு உனக்கு. கையும் வலுவில்ல."

"மங்கினவன் எதுக்கு எழுதணும்?" கொஞ்சம் மூச்சு வாங்கியது. "இப்ப?"

"கீழ போட்டப்புறம் ஒன்பது குண்டு. எல்லாம் காசளவுல."

"ஒன்பதுமா? எப்பவும் என்னைவிட நீதான் நல்லா சுடுவ."

"இதச் சொல்ல நாப்பத்தாறு வருஷமா, கிழவா?"

அவன் சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது. "அட்டை எடு. எழுது. தாங்கும். முன்னாடி எழுதினது தப்பு. திருக நான் சரியா முடுக்கல, கோட்டப் பாக்கல."

பேனா நின்றது. "திருகு நழுவிடுச்சுன்னு போட்டாப் பத்தாதா?"

"முடுக்கினது யாரு?"

அவள் பேனாவை மறுபடி அட்டையில் வைத்தாள்.

"எழுதிப் படிச்சுக் காட்டு. உன்னத் தெரியும் எனக்கு."

எழுதினாள். படித்தாள். கையெழுத்துக்காக அவன் விரல்களுக்கிடையே பேனாவைச் செருகிப் பிடித்துக்கொண்டாள். ஒரு வளைந்த கோடு விழுந்ததும் கை சரிந்தது.

சூப்பைச் சுடவைத்துக்கொண்டு திரும்பியபோது மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி கூடியிருந்தது. கிண்ணத்தைப் பிடித்தபடி அடுத்த மூச்சுக்காக நின்றாள். சூப்பில் ஆடை படிந்தது. அடுத்தது வரவில்லை.

பத்தாவதற்குச் சற்று முன் டுவேன் தொப்பியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்து, கட்டிலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். "எப்போ, ஆர்டிஸ்?"

"இப்பதான்." அட்டையை நீட்டினாள்.

இரண்டு முறை படித்தான். "ஸ்கோப்ப திருப்பி அனுப்பல. ஆனா இந்தக் கடைசி வரி வேணாமே. உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சாப் போதும். அவர் பேரு..."

"வரியோட கடையில ஒட்டு."

"ஊரே படிக்கும்."

"படிக்கட்டும்."

டுவேன் அட்டையைச் சட்டைப் பையில் வைத்து, பையின் பொத்தானைப் போட்டான். "நர்ஸுக்கு நான் சொல்றேன். நீங்க உக்காருங்க" என்று சமையலறைத் தொலைபேசிக்குப் போனான்.

ஆர்டிஸ் உட்கார்ந்தாள். சுடும்போது வெடிச்சத்தத்துக்கு மாட்டிய காதுமூடி கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. கழற்றப் போன கை அதை மேலே இழுத்துக் காதில் பொருத்தியது. சமையலறையில் டுவேனின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.