மெத்தைக் கடைக்காரனின் இடது இமை

எனக்கு இடது கண் பிறந்ததிலிருந்தே பாதிதான் திறக்கும். வலது கண் ஒழுங்காக அதன் வேலையைப் பார்க்கும். இடது இமை மட்டும் சாப்பாடு முடிந்து சாய்ந்தவன் மாதிரி கீழே தொங்கும். இந்த லட்சணத்தில் எனக்கு வாய்த்த வேலையோ மெத்தைக் கடையில் விற்பனை.

"இந்தக் கடை மெத்தையில படுத்தவரைப் பாரு, இன்னும் தூக்கம் கலையல!" என்று வருகிறவர்கள் சிரிப்பார்கள். முதலாளி என் முதுகில் தட்டி, "உன் கண்ணாலதான்யா ஸ்பிரிங் மெத்தை ஓடுது" என்பார். நானும் சிரித்து வைப்பேன். உள்ளே பற்றிக்கொண்டு வரும். சின்ன வயதில் வகுப்பில் தூங்குகிறேன் என்று வாத்தியார் எறிந்த சாக்பீஸ்களைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு சுவருக்கே வெள்ளையடித்திருக்கலாம். தொங்கும் இமைக்கு அடிவழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கினால் திமிர் பிடித்தவன் என்றார்கள். தூக்காவிட்டால் தூங்குமூஞ்சி. போங்கடா என்று விட்டுவிட்டேன்.

பிறகு பட்டாணி பிறந்தாள். என் மகள். கையில் வாங்கிப் பார்த்தால் அதே இடது கண், அதே இமை. "அப்பாவை அப்படியே உரிச்சு வச்சிருக்கு" என்றார் நர்ஸ். நான் பூரித்துப் போனேன். முட்டாள், வேறென்ன சொல்ல.

அவளுக்கு ஆறு வயதானபோதுதான் கண் டாக்டரிடம் போனோம். குள்ளமான அம்மா, பேச்சு மட்டும் கறார். "இமை கண்மணியையே மறைக்குது. மறைஞ்ச கண்ணை மூளை மறந்துடும். ஏழு, எட்டு வயசு தாண்டிட்டா அப்புறம் இமையைத் தூக்கினாலும் பார்வை தெளிவா வராது. இன்னும் தள்ளிப் போடாதீங்க" என்றார்.

"எனக்கு?" என்று கேட்டேன்.

"உங்களுக்குப் பண்ணா பார்க்க லட்சணமா இருக்கும். அந்தக் கண்ணுல பார்வை வராது. காலம் கடந்துபோச்சு."

அது எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அன்று என் கவலை அதுவல்ல. பட்டாணி ஒரே பிடியாக, "மாட்டேன்" என்றுவிட்டாள். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. கடைக்குக் கூட்டிப் போய்ப் பேசிப் பார்த்தேன். பெரிய கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. தூக்கிக்கொண்டு போய் மயக்க மருந்து கொடுத்து முடித்துவிடலாம்தான். ஆனால் டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆபரேஷன் ஒரு நாள் வேலைங்க. அதுக்கப்புறம் மாசக்கணக்கா தினமும் நல்ல கண்ணைக் கட்டி, இந்தக் கண்ணைப் பழக்கணும். குழந்தை முரண்டு பிடிச்சா அத்தனையும் வீண்."

அவள் ஊசிக்குத்தான் பயப்படுகிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். "அப்பா முதல்ல பண்ணிக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகலன்னா நீயும் பண்ணிக்கணும், சரியா?" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் என் இடது கண்ணையே பார்த்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மெத்தை விற்கிறவனுக்கு எதிரே நிற்பவர் வாய் மூடினாலே வியாபாரம் முடிந்த மாதிரிதான்.

ஆபரேஷன் மேசையில் எனக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை. லேசான மருந்து ஒன்றை ஏற்றிவிட்டு, "தூங்கிடாதீங்க, நடுவுல உங்களை எழுப்பி உட்கார வைப்பேன்" என்றார் டாக்டர். தூங்காதே என்று என்னிடம் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். முதல்முறையாக அதில் ஒரு நியாயம் இருந்தது.

மருந்து உடம்பில் பரவப் பரவ மேசை மெத்தையானது. அதுவும் சாதாரண மெத்தை இல்லை, கடையிலேயே விலை கூடினது, படுத்தால் இடுப்புக்கு அடியில் கை நுழையாதே, அது. மேலே விளக்கு பூத்துப் பூத்து அடங்கியது. எங்கேயோ தூரத்தில் யாரோ என் இமையைப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலி இல்லை. கடையிலிருந்த கட்டில்கள் எல்லாம் வரிசையாக என்னைக் கடந்து மிதந்து போயின. கடைசிக் கட்டிலின் அடியில் இரண்டு குட்டிக் கால்கள் தெரிந்தன. கூப்பிட வாய் வரவில்லை.

"எந்திரிங்க. நேரா பாருங்க."

நர்ஸ் முதுகில் கை கொடுத்து உட்கார வைத்தார். டாக்டர் என் எதிரே நின்று இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நெத்தியைத் தூக்காதீங்க."

"நான் தூக்கலையே."

"தூக்குறீங்க." கட்டைவிரலால் என் புருவத்தை அழுத்திப் பிடித்தார். "இமை செய்ய வேண்டிய வேலையை இத்தனை வருஷமா நெத்திதான் செஞ்சிருக்கு. அதை விடுங்க. அதுவா திறக்கட்டும்."

நாற்பத்திரண்டு வருடப் பழக்கம், சொன்னவுடன் விடுமா? எங்கே நெற்றி முடிகிறது, எங்கே இமை தொடங்குகிறது என்றே எனக்குத் தெரியவில்லை. மூச்சை விட்டேன். தோளைத் தளர்த்தினேன். நெற்றி மெல்ல இறங்கியது. இமை அதோடு விழாமல் திறந்தபடியே நின்றது.

அப்போது வலது கண்ணைத் துணியால் மூடினார்கள். இடது கண்ணில் மட்டும் உலகம். அடடா, அது எப்படி இருந்தது என்று எப்படிச் சொல்வேன்! ஓரமே இல்லாத உலகம். வெளிச்சம் பச்சைத் துணியில் கரைந்து, துணி டாக்டரின் முகத்தில் கரைந்து, முகம் ஒரு வெதுவெதுப்பான வட்டமாக அசைந்தது. அழகாகத்தான் இருந்தது. அந்த அழகில் ஒருவர் முகமும் இல்லை. பட்டாணியின் கண் இப்படி ஆகிவிடக் கூடாது என்று அந்த மயக்கத்திலும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"இமையை இன்னும் அரை மில்லிமீட்டர் ஏத்தலாம், படுங்க" என்றது வட்டம்.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். வீக்கம் இருந்தாலும் கண் திறந்திருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் குனிந்து பட்டாணியிடம் முகத்தைக் காட்டினேன்.

அவள் பின்னால் நகர்ந்தாள். உதடு துடித்தது. "இது அப்பா இல்ல."

"ஏய், நான்தான்டி."

"எல்லாரும் என்னை அப்பா மாதிரின்னு சொல்வாங்க. நீ மட்டும் மாத்திக்கிட்ட. இப்ப நான் யார் மாதிரி?" என்று கத்திவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினாள்.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஊசிக்கு அவள் பயப்படவே இல்லை. தபால் அலுவலக வேலை முடிந்து வந்த மனைவி விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "குழந்தைகிட்ட ஏன்னு கேட்டீங்க. அவ சொல்ற வரைக்கும் பொறுத்தீங்களா? பிரமாதமான யோசனை போங்க!" பட்டாணியின் ஆபரேஷனுக்கு டாக்டர் அடுத்த வியாழக்கிழமை நாள் குறித்திருந்தார்.

நான்கு நாள் பட்டாணி என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சாப்பிடும்போது அம்மாவிடம் சொல்லி என்னிடம் தண்ணீர் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கண்ணில் களிம்பு போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். தைத்த இமை கொஞ்ச நாளைக்குத் தூக்கத்தில் முழுசாக மூடாது என்று சொல்லியிருந்தார்கள். அந்த இடுக்கு வழியாக அறை என் கனவுக்குள் கசிந்துகொண்டிருந்தது. ஜன்னல் திரை ஆற்றுத் தண்ணீராக ஓடியது. அதன் மேல் மஞ்சளாக ஏதோ ஒன்று நடந்து வந்தது. நின்றது. ஆடியது.

"அப்பா, தூங்குறியா, பாக்குறியா?"

விழித்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் மஞ்சள் கவுனில் பட்டாணி. சட்டென்று தன் உள்ளங்கையால் என் வலது கண்ணைப் பொத்தினாள்.

"இது எத்தனைன்னு சொல்லு."

மஞ்சள் அசைந்தது. "ரெண்டு" என்றேன்.

"தப்பு. இப்ப?"

"நாலு."

"கையே காட்டலப்பா."

அவள் குரல் மாறிவிட்டது. பக்கத்தில் வந்தாள். அவள் மூச்சு என் கன்னத்தில் பட்டது. "நான் சிரிக்கிறேனா, அழறேனா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஊகித்தும் சொல்லியிருக்கலாம். என் மகளின் முகம் நாலு விரல் தூரத்தில் இருந்தது, எனக்கு அதில் ஒன்றுமே தெரியவில்லை.

"தெரியலம்மா" என்றேன். "என் கண்ணைச் சின்ன வயசுல யாரும் தூக்கி விடல. இப்ப திறந்திருக்கு, ஆனா பாக்கத் தெரியல. உன் கண்ணும் இப்படி ஆயிடும்னுதான் எனக்குப் பயம். அந்தப் பயத்துல உன்னைச் சரியா கேக்காம விட்டுட்டேன்."

உள்ளங்கை என் வலது கண் மேலேயே இருந்தது. மெதுவாக ஈரமானது.

"நீ அழற" என்றாள். "எனக்குத் தெரியுது."

நான் தலையாட்டினேன்.

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "வியாழக்கிழமை நான் ஸ்கூலுக்கு வரலன்னு மிஸ்கிட்ட நீதான் சொல்லணும்" என்றாள்.